கொடுமைகள் நிகழும் என்று தெரிந்தே தொடங்கப்படும் போர் அறத்துக்கு உட்பட்டதாக இருக்க முடியுமா?

எழிலி எழுதியது:

போரைப் பற்றிய அறவாதங்களில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துப் பேசுவது நெடுங்கால வழக்கம். போருக்குப் போனது நியாயமா என்பது ஒன்று. போரை நடத்திய விதம் நியாயமா என்பது மற்றொன்று. அகஸ்டின், தாமஸ் அக்வினாஸ் ஆகிய கிறித்தவ இறையியலாளர்களின் சிந்தனையில் வேர்விட்டு, 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தைச் சேர்ந்த ஹ்யூகோ குரோஷியஸ் வழியாக இன்றைய பன்னாட்டுச் சட்டம் வரைக்கும் இந்தப் பிரிவினை ஏதோ ஒரு வடிவில் நீடிக்கிறது. இதன்படி, நியாயமான காரணத்துக்காகப் போரிடும் நாடு அநியாயமான முறையில் போரிட்டால், அதன் நடத்தையை மட்டும் கண்டித்துவிட்டு அதன் காரணத்தைத் தொடர்ந்து ஏற்றுக்கொள்ளலாம்.

என்னை உறுத்துவது இந்த வசதிதான். நாஜி ஜெர்மனியையும், நான்ஜிங் நகரில் படுகொலை நடத்திய ஜப்பானையும் எதிர்த்துப் போரிட்டது தவறு என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த நியாயமான தரப்புதான் 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு சுமார் 300 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களை டோக்கியோவின் கிழக்குப் பகுதியின் மேல் அனுப்பியது. அங்கே வீடுகள் மரத்தால் ஆனவை, ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை, உழைக்கும் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் என்பதெல்லாம் தெரிந்தே அந்தப் பகுதி குறிக்கப்பட்டது. விமானங்களில் நேபாம் அடைத்த தீக்குண்டுகள் ஏற்றப்பட்டதும் அதனால்தான். அன்றிரவு பலத்த காற்று வீசியது. ஆயிரக்கணக்கான சிறு தீக்கள் ஒன்றாகத் திரண்டு தெருத்தெருவாக எழுந்தபோது, தப்பி ஓடியவர்கள் கால்வாய்களிலும் சுமிதா ஆற்றிலும் குதித்து, அங்கேயும் அனல் தாளாமலும் மூச்சு முட்டியும் இறந்தார்கள். விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்; பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

நியாயமான போரில் நேர்ந்துவிட்ட ஒரு பிழை என்று இதை ஒதுக்கிவைக்க என்னால் முடியவில்லை. திட்டமிட்டு, ஒத்திகை பார்த்து, பாராட்டுப் பெற்றுச் செய்த காரியம் இது. அத்துமீறல் இல்லாத பெரும்போர் ஒன்று வரலாற்றில் இல்லை எனும்போது, போருக்குக் கையெழுத்திடுபவர் அந்த அத்துமீறல்களையும் அறிந்தே கையெழுத்திடுகிறார் அல்லவா? அறிந்தே செய்தவர், பின்னால் வந்து, காரணம் நல்லது, நடத்தை மட்டுமே பிசகிவிட்டது என்று கணக்கைப் பிரித்துக் காட்டுவதை நாம் ஏன் ஏற்க வேண்டும்? அப்படி ஏற்க முடியாது என்றால், எந்தப் போரையாவது அறத்தின் பேரில் ஆதரிக்க முடியுமா? இதைப் பற்றி யோசித்தவர்கள் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


தனிமரம் எழுதியது:

எழிலி அவர்களுக்கு,

உங்கள் கேள்வி போருக்குக் கையெழுத்திடுபவரைக் கூண்டில் ஏற்றுகிறது. ஏற்ற வேண்டியதுதான். ஆனால் கையெழுத்திட மறுத்தவரையும் அதே கூண்டில் ஏற்றி அதே கேள்வியைக் கேட்டால்தான் விசாரணை முழுமையாகும். விளைவை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பது ஒருவருக்குக் குற்றமானால் மற்றவருக்கும் அது குற்றம்தான்.

1994 ஏப்ரலில் ருவாண்டாவில் டுட்ஸி மக்களைக் கொல்லத் தொடங்கியபோது, அங்கே ஐ.நா. அமைதிப்படை ஏற்கெனவே இருந்தது. தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் பெல்ஜிய வீரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களை நம்பிச் சுமார் 2,000 பேர் அந்த வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கொலைகாரர்கள் வெளியே காத்திருக்கிறார்கள் என்பது உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், வீரர்களுக்கும் தெரியும். ஏப்ரல் 11ஆம் தேதி அந்த வீரர்கள் வண்டிகளில் ஏறிப் புறப்பட்டுவிட்டார்கள். தங்களை விட்டுப் போக வேண்டாம் என்று மக்கள் கெஞ்சியது பலனளிக்கவில்லை. வண்டிகள் போன பிறகு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு அவை கூடி, எஞ்சியிருந்த படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் இறந்தவர்களின் தொகை எட்டு லட்சத்தை எட்டியதாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கொலையை நிறுத்தியது எந்தத் தீர்மானமும் அல்ல; ருவாண்டா தேசபக்த முன்னணியின் படை போரிட்டு முன்னேறியதுதான் நிறுத்தியது.

கம்போடியாவிலும் இதே கதைதான். கெமர் ரூஜ் ஆட்சியின் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் சுமார் 17 லட்சம் பேர் கொலையாலும் பசியாலும் கடும் உழைப்பாலும் இறந்த பிறகு, 1978 டிசம்பரில் வியட்நாம் படையெடுத்தது. 1979 ஜனவரி 7ஆம் தேதி தலைநகர் நாம்பென் வீழ்ந்தது. வியட்நாம் கருணையினால் போகவில்லை. தன் எல்லைக் கிராமங்கள் தாக்கப்பட்டதும், அண்டை நாட்டில் தனக்கு இணக்கமான அரசு வேண்டும் என்ற எண்ணமும் அதற்குக் காரணங்கள். ஆனாலும் அந்தப் படை போகாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதில் மனம் கசக்கும் செய்தி என்னவென்றால், படையெடுப்பைக் கண்டித்த உலகம், அதன் பிறகும் பல ஆண்டுகள் ஐ.நா. பொதுப்பேரவையில் கம்போடியாவின் இருக்கையைக் கெமர் ரூஜ் தரப்புக்கே கொடுத்து வைத்திருந்தது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடிப் பேர் அகதிகளாக ஓடிவந்தபோதும், அவர்கள் திரும்பிப் போவதற்கு வழி திறந்தது டிசம்பரில் நடந்த போர்தான்.

ஆகவே போர் அறத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வியை ஒரு தூய்மையான மாற்று இருப்பதுபோல வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது என்பதே என் வாதம். பலவேளைகளில் மறுபக்கம் இருப்பது அமைதி அல்ல, ஒருதலைப்பட்சமான கொலை. அங்கே ஆயுதம் எடுக்காமல் இருப்பவரின் கை சுத்தமாக இருக்கலாம். அந்தச் சுத்தத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ.


வழிப்போக்கன் எழுதியது:

தனிமரம் அவர்கள் எடுத்துக்காட்டிய மூன்றும் உண்மையான நிகழ்வுகள். அவற்றை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் போரை ஆதரிக்கும் ஒவ்வொரு வாதமும் இதே சில நிகழ்வுகளைத் திரும்பத் திரும்ப நாடி வருவதை நாம் கவனிக்க வேண்டும். நடந்த போர்களில் இத்தகையவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவையோ இவற்றின் மொழியைக் கடன் வாங்கிக்கொண்டு தொடங்கப்பட்டவை. 2003இல் ஈராக்கின் மீது படையெடுத்தவர்கள் பேரழிவு ஆயுதங்களைப் பற்றியும், கொடுங்கோலனிடமிருந்து மக்களை விடுவிப்பதைப் பற்றியும் பேசினார்கள். ஆயுதங்கள் கிடைக்கவில்லை. நாடு உடைந்ததும் அதில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்ததும்தான் மிச்சம்.

இருந்தாலும் என் முதன்மையான கவலை பொய்யான காரணங்களைப் பற்றியது அல்ல. உண்மையிலேயே நியாயமான காரணம் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதே எனக்கு அதைவிட அச்சம் தருகிறது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, பொதுமக்கள் வாழும் நகரங்கள் மீது வானிலிருந்து குண்டு வீசக் கூடாது என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போரிடும் நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். பிரிட்டன் உடனே ஒப்புக்கொண்டது. போரின் தொடக்க மாதங்களில் அதன் விமானங்கள் ஜெர்மன் நகரங்களின் மேல் துண்டறிக்கைகளைப் போட்டன. பின்னர் பிரான்ஸ் வீழ்ந்தது, லண்டனும் கவென்ட்ரியும் எரிந்தன, பகலில் போன விமானங்கள் திரும்பவில்லை, இரவில் போன விமானங்களால் தொழிற்சாலையைக் குறிவைக்க முடியவில்லை. 1942 பிப்ரவரி 14ஆம் தேதி வான்படைக்குப் போன ஆணையில், எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியே முதன்மை இலக்கு என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஹாம்பர்க்கில் தீப்புயல் எழுந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விழுங்கியது. 1945 பிப்ரவரியில், போரின் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்ட பிறகு, டிரெஸ்டனில் 25,000 பேர் வரை மாண்டார்கள்.

இந்தப் பாதையில் எந்தப் படியிலும் ஒரு கொடியவன் வந்து அரசைக் கைப்பற்றவில்லை. அதே அரசு, அதே நாடாளுமன்றம், அதே நியாயமான காரணம். காரணம் நியாயமானது என்ற நம்பிக்கைதான் ஒவ்வொரு படியையும் இறங்குவதற்குத் துணைநின்றது. தோற்றுவிட்டால் உலகமே இருண்டுவிடும் என்று நம்புகிறவனுக்கு, வெல்வதற்காகச் செய்யக்கூடாதது என்று எதுவும் மிஞ்சுவதில்லை. கொள்ளைக்காகப் போரிடுபவன், செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் நின்றுவிடுவான். அறத்துக்காகப் போரிடுபவனை நிறுத்துவதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 1944 பிப்ரவரி 9ஆம் தேதி, சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் அவையில் எழுந்து, நகரங்களை மொத்தமாக அழிக்கும் இந்தக் கொள்கை எந்த மதிப்பீடுகளைக் காப்பதற்காகப் போருக்குப் போனோமோ அவற்றையே அழிக்கிறது என்ற பொருளில் பேசினார். அவர் போரை எதிர்த்தவர் அல்லர். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியர்களோடு தொடர்பில் இருந்தவர். அவையில் அவர் பேச்சுக்கு ஆதரவு மிகக் குறைவாகவே இருந்தது.

போரைத் தவிர வேறு வழியே இல்லை என்பதும் எப்போதும் உண்மையல்ல. 1943இல் நாஜிகளின் பிடியில் இருந்த டென்மார்க்கில், யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரி வழியாகவே கசிந்ததும், மீனவர்களும் மருத்துவர்களும் அண்டைவீட்டாருமாகச் சேர்ந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒளித்துவைத்துப் படகுகளில் சுவீடனுக்கு அனுப்பினார்கள். பிடிபட்டவர்கள் ஐநூறுக்கும் குறைவு. இதற்கு ஒரு குண்டும் தேவைப்படவில்லை. சுவீடன் பக்கத்திலேயே இருந்ததும், டென்மார்க்கில் ஜெர்மானியரின் பிடி மற்ற இடங்களைவிடத் தளர்வாக இருந்ததும் இதற்கு உதவின என்பதை அறிவேன். ஆனால் படைக்கு ஒதுக்கும் அறிவிலும் பணத்திலும் பத்தில் ஒரு பங்கையாவது இத்தகைய வழிகளுக்கு எந்த அரசு ஒதுக்கியிருக்கிறது? முயன்று பார்க்காமலே கடைசி வழி என்று சொல்வதை நான் ஏற்கத் தயாராக இல்லை.


நெய்தல் எழுதியது:

வழிப்போக்கன் அவர்கள் சொன்ன ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நான் எழிலி அவர்களின் கேள்விக்கு வர விரும்புகிறேன். நியாயமான காரணம் எல்லைகளைத் தின்றுவிடும் என்பது உண்மை. அதனால்தான் காரணத்தையும் நடத்தையையும் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. எழிலி அவர்களுக்கு வசதியாகத் தோன்றும் அந்தப் பிரிவினை, உண்மையில் நியாயமான தரப்புக்குப் போடப்பட்ட கடிவாளம். காரணம் நல்லதாக இருந்தால் கூடுதலாகக் கொல்லலாம் என்று ஒரு விதி இருந்தால், உலகில் எந்தப் படையாவது தன் காரணம் கெட்டது என்று ஒப்புக்கொள்ளுமா? எவர் போரைத் தொடங்கியிருந்தாலும், கைதியைக் கொல்லக் கூடாது, பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது என்பது இருதரப்புக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளும் அவற்றுக்கான 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளும் வகுத்ததன் பயன் இதுவே.

நம் முன்னோரும் இதை அறியாதவர்கள் அல்லர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையாரின் புறநானூற்றுப் பாடல், அவன் அம்பு எய்யும் முன்பே பசுக்களையும் பார்ப்பனர்களையும் பெண்களையும் பிணியுற்றோரையும், பிதிர்க்கடன் செய்யப் புதல்வரைப் பெறாதவர்களையும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடும்படி அறிவிப்பதைப் புகழ்கிறது. பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் காலத்தின் குறை. ஆனால் போரிடாதவர் என்று ஒரு வகையினர் உண்டு, அவர்களை விலக்கிவிட்டே போர் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருக்கிறது.

அதே சமயம், சட்டம் இரண்டையும் முழுவதுமாகத் துண்டித்துவிடவும் இல்லை. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1946இல் தன் தீர்ப்பில், ஆக்கிரமிப்புப் போரைத் தொடங்குவதே உச்சக் குற்றம் என்றும், மற்றப் போர்க்குற்றங்களின் தீமை முழுவதையும் அது தன்னுள் அடக்கியிருக்கிறது என்றும் சொன்னது. அறிந்தே கையெழுத்திடுபவர் என்று எழிலி அவர்கள் சொல்வதை, போரைத் தொடங்கியவரைப் பொறுத்தவரையில், அந்த நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கேள்வி மிஞ்சுவது தற்காத்துக்கொண்டவர்களைப் பற்றித்தான். அங்கேதான் வென்றவர்களின் நீதி தடுமாறியது. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் மீது, எச்சரிக்கையில்லாமல் கப்பல்களை மூழ்கடித்ததாகக் குற்றச்சாட்டு இருந்தது. அவருடைய வழக்கறிஞர் அமெரிக்கத் தளபதி நிமிட்ஸிடம் எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பினார். பசிபிக் கடலில் போரின் முதல் நாளிலிருந்தே அமெரிக்க நீர்மூழ்கிகளும் அப்படித்தான் செய்தன என்று நிமிட்ஸ் நேர்மையாகப் பதில் அனுப்பினார். நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக டோனிட்ஸுக்குத் தண்டனை அளிக்கவில்லை என்று நீதிமன்றம் எழுதியது. 1940இல் காட்டின் (Katyn) என்ற ரஷ்ய வனப்பகுதியிலும் வேறு இடங்களிலுமாகச் சுமார் 22,000 போலந்துக்காரர்களைச் சோவியத் காவல்துறை கொன்றதற்கான பழியை ஜெர்மானியர் மேல் போடச் சோவியத் வழக்குரைஞர்கள் முயன்றதும், தீர்ப்பில் அந்தப் பெயரே இடம்பெறாமல் போனதும் அதே விசாரணையில் நடந்தவைதான். கொன்றவர்கள் யார் என்பதைச் சோவியத் அரசு ஒப்புக்கொள்ள 1990 ஆயிற்று.

இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். எனக்கு இது மிக முக்கியமானதாகப் படுகிறது. சோவியத் நகரமான லெனின்கிராடை முற்றுகையிட்ட ஜெர்மன் படைக்குத் தொடக்கத்தில் தலைமை தாங்கியவர் ஃபான் லேப். பட்டினியால் நகரத்தை விட்டு வெளியேற முயலும் மக்களைப் பீரங்கியால் சுட்டுத் திரும்பவும் உள்ளேயே விரட்ட வேண்டும் என்ற ஆணை அவர் காலத்தில் இருந்தது. அந்த முற்றுகையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள், பெரும்பாலும் பசியால், இறந்தார்கள். 1948இல் அமெரிக்க நீதிபதிகள் அந்த ஆணையை ஆராய்ந்தார்கள். முற்றுகையிடப்பட்ட நகரின் மக்களைப் பட்டினி போடுவதை அன்றைய போர்ச்சட்டம் தடைசெய்யவில்லை என்பதைக் கண்டார்கள். சட்டம் வேறாக இருந்திருக்கலாம் என்று வருந்திவிட்டு, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக் கூடாது என்ற விதி 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளில்தான் எழுத்தில் வந்தது. அவ்வளவு பிணங்களுக்குப் பிறகு, அவ்வளவு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு வரி அது. அந்த வரி இன்று மீறப்படுகிறது என்பது தெரிந்ததே. ஆனால் மீறுபவர் இன்று அதை ஒளித்தும் மறுத்தும் செய்ய வேண்டியிருக்கிறது. லேப் மறைக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஆணையாக வைத்திருந்தார்.

கொடுமை தவிர்க்க முடியாதது என்ற சொல்லாட்சியை நான் எதிர்ப்பதும் இதனால்தான். மொத்தமாகப் பார்த்தால் அது தவிர்க்க முடியாதது போலத் தோன்றுகிறது. அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கொலைக்கும் ஒரு ஆணையும் ஒரு கையும் இருக்கின்றன. 1968 மார்ச் 16ஆம் தேதி காலை, வியட்நாமின் மை லாய் கிராமத்தின் மேல் ஒரு சிறிய ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானி ஹ்யூ தாம்சன், கீழே தன் நாட்டுப் படைவீரர்களே பெண்களையும் குழந்தைகளையும் சுட்டு வாய்க்காலில் தள்ளுவதைக் கண்டார். ஒரு பதுங்குகுழியில் ஒளிந்திருந்தவர்களை நோக்கி வீரர்கள் நடந்து போவதைப் பார்த்ததும், இரண்டு தரப்புக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள் மீது நம் ஆட்கள் சுட்டால் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று தன்னுடன் இருந்த இருவரிடம், லாரன்ஸ் கோல்பர்னிடமும் கிளென் ஆண்ட்ரியோட்டாவிடமும், சொல்லிவிட்டு இறங்கிப் போய், அந்தக் கிராமத்தாரைக் குழியிலிருந்து வெளியே அழைத்து, வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து அனுப்பிவைத்தார். பிறகு ஆண்ட்ரியோட்டா பிணங்கள் நிறைந்த வாய்க்காலுக்குள் இறங்கி, அசைவு தெரிந்த இடத்தில் துழாவி, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். அவர் மூன்று வாரம் கழித்துப் போரில் இறந்துபோனார். மற்ற இருவரோடு அவருக்கும் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது ஆண்டு 1998.

அதே வானில், அதே சீருடையில், அதே அச்சத்தோடு இருந்த ஒருவரால் வேறு முடிவு எடுக்க முடிந்தது என்றால், போர் என்றால் அப்படித்தான் என்பது கொலை செய்தவர்களைக் காப்பாற்றும் பேச்சு மட்டுமே.


கார்முகில் எழுதியது:

தமிழில் இந்தப் பேச்சு நடக்கும்போது முள்ளிவாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போவது நேர்மையாகாது. 2009இல் இலங்கை அரசு தான் நடத்திய போருக்கு மனிதாபிமான நடவடிக்கை என்றே பெயர் சூட்டியிருந்தது; பொதுமக்களில் ஒருவர்கூடக் கொல்லப்படாத வகையில் போரிடுவதே தன் கொள்கை என்றும் சொன்னது. மக்களைப் பாதுகாப்பு வலயங்களுக்குள் வரச் சொல்லிவிட்டு, அந்த வலயங்களின் மீதும் மருத்துவமனைகளின் மீதும் எறிகணை வீசியதாகவும், உணவும் மருந்தும் போய்ச் சேராமல் தடுத்ததாகவும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கை அளித்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதும் அதே அறிக்கையில்தான் உள்ளது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்ததையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் அந்தக் குழு பதிவு செய்திருக்கிறது.

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இரு பக்கமும் கோபிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஏனென்றால் தம் காரணத்தின் நியாயத்தை இறுதி நாள் வரை இரு தரப்பும் ஐயமில்லாமல் நம்பின. நடுவில் ஒரு சிறு மணல்திட்டில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு, எந்தத் தரப்பின் நியாயமும் தலைக்கு மேல் ஒரு கூரையாகவில்லை.

எனவே எழிலி அவர்களின் கேள்விக்கு என் பதில் இது. போருக்கான நியாயம் தொடக்க நாளில் ஒருமுறை பெற்று, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அனுமதிச்சீட்டு அல்ல. போர் நடக்கும் ஒவ்வொரு வாரமும், இன்னும் தொடர்வதற்கு நியாயம் இருக்கிறதா என்று புதிதாகக் கேட்கப்பட வேண்டும். பதில் இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல காரணத்தோடு தொடங்கியிருந்தாலும், அந்தப் போர் தன் நியாயத்தை இழந்துவிட்டது என்று சொல்லும் துணிவு வேண்டும். தன் வீரர்கள் செய்த கொடுமையை ஒரு நாடு என்ன செய்கிறது என்பதை நான் உரைகல்லாக வைப்பேன். நெய்தல் அவர்கள் சொன்ன மை லாயில் கொல்லப்பட்டவர்கள் அமெரிக்க ராணுவத்தின் கணக்குப்படி 347 பேர், வியட்நாம் அரசின் கணக்குப்படி 504 பேர். தண்டனை பெற்றது ஒரே ஒருவர், லெப்டினன்ட் வில்லியம் கேலி. 1971இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பெரும்பாலும் வீட்டுக்காவலிலேயே கழிந்த மூன்றரை ஆண்டுகளில் அது முடிந்துவிட்டது. அவருக்காக நாடு முழுவதும் அனுதாபம் பெருகியது. தாம்சனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

இந்த உரைகல்லில் தேறும் போர்கள் எத்தனை என்று கேட்டால், மிகச் சில என்றுதான் சொல்வேன். ஆனால் தனிமரம் அவர்கள் சொன்ன அந்தப் பள்ளி வளாகத்தை நினைக்கும்போது, ஒன்றுகூட இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.


எழிலி எழுதியது:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி.

காரணத்தையும் நடத்தையையும் பிரிப்பது நியாயமான தரப்புக்கும் ஒரு கடிவாளம் என்று நெய்தல் அவர்கள் காட்டியதை ஏற்கிறேன். போரிடாமல் இருப்பதும் கூண்டில் ஏற வேண்டியதே என்பதையும் ஏற்கிறேன். அந்த 2,000 பேரைப் பற்றிப் படித்த பிறகு, எல்லாப் போரையும் ஒரே வரியில் மறுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஆனால் ஒன்று இன்னும் தீரவில்லை. போர் நியாயமாகவே இருந்து, அதில் நியாயமில்லாமல் கொல்லப்பட்டவர்களுக்கு அந்த நியாயமான தரப்பு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதை இங்கே யாரும் தொடவில்லை. நான் அறிந்த அறவாதங்களிலும் அதற்கு இடம் மிகக் குறைவு. டோக்கியோவில் அன்றிரவு உயிர் பிழைத்தவர்களின் பிற்கால வாழ்க்கை இதற்குச் சான்று. அந்தத் தாக்குதலை நடத்திய அமெரிக்கா அவர்களுக்கு எதுவும் தரவில்லை. அவர்களைப் போருக்குள் இழுத்துவிட்ட ஜப்பானிய அரசோ, முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஓய்வூதியம் கொடுத்ததே தவிர, வான்தாக்குதலில் உறுப்பிழந்த, பெற்றோரை இழந்த பொதுமக்களுக்கு இழப்பீடு கொடுக்கவில்லை. மாறாக, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கர்ட்டிஸ் லெமேக்கு, ஜப்பானின் புதிய வான்படையை உருவாக்க உதவியதற்காக, 1964இல் உயர்ந்த விருது ஒன்றை அளித்தது. பிழைத்தவர்களும் குடும்பத்தாரும் முதுமையில் சேர்ந்து 2007இல் தங்கள் அரசின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2009இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

கார்முகில் அவர்களின் உரைகல்லோடு இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தான் தண்டித்த வீரர்களை மட்டுமல்லாமல், தான் கொன்ற பொதுமக்களின் பெயர்களையும் ஒரு நாடு பதிவு செய்ய வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு, அவர்கள் வழக்குப் போடும் வரை காத்திராமல், இழப்பீடு கொடுக்க வேண்டும். வென்ற தரப்பு அப்படிச் செய்தால் தன் போரின் நியாயமே கேள்விக்குள்ளாகிவிடும் என்று அரசுகள் அஞ்சுகின்றன. அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்பதை வழிப்போக்கன் அவர்களும் தனிமரம் அவர்களும் இனி எழுதினால், இந்த விவாதம் அங்கிருந்து தொடரலாம்.